டிக் போடும் கை

ஒரு குழந்தையைப் பற்றி ஒருவர் சொல்வது எந்த இடத்தில் அந்தக் குழந்தையின் அளவாக மாறிவிடுகிறது என்ற கேள்வி கொஞ்ச காலமாகவே என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. பெரிதாக எதுவும் நடந்து எழுந்த கேள்வி இல்லை. ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் வருடத்தில் சில முறை ஒரு பிள்ளைக்கு ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு இருக்கிறதா என்று அறிய மருத்துவர் கேட்கும் படிவம் என் கைக்கு வருகிறது, நிரப்பிக் கொடுக்கிறேன், சில நாள் கழித்து அம்மா வந்து, "ஏடிஹெச்டி இருக்குன்னு சொல்லிட்டாங்க மிஸ், ஸ்கோர் அதிகமாம்" என்கிறார். அந்த ஸ்கோரில் பாதி நான் போட்டது. அதைக் கேட்கிற நேரத்தில் மனம் கலங்குகிறது, அந்தக் கலக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் போவதில்லை. படிவங்களுக்குப் பெயர்கள் பல: வாண்டர்பில்ட், கானர்ஸ், ஸ்நாப். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். இடப்பக்கம் வரிகள்: சொன்னதைக் காதில் வாங்காதவன் போல இருக்கிறான், பொருட்களைத் தொலைக்கிறான், உட்கார வேண்டிய நேரத்தில் எழுந்துவிடுகிறான், கேள்வி முடியும் முன்பே பதிலைச் சொல்லிவிடுகிறான். வலப்பக்கம் நான்கு கட்டங்கள்: இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி. பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் உள்ள 18 அறிகுறிகளிலிருந்து வந்த வரிகள் இவை. ஒன்பது கவனத்தைப் பற்றி, ஒன்பது துறுதுறுப்பையும் அவசரத்தையும் பற்றி. வாண்டர்பில்ட் படிவத்தில் ஏதாவது ஓர் ஒன்பதில் ஆறு வரிகளுக்குக் கடைசி இரண்டு கட்டங்களில் டிக் விழுந்து, படிப்பிலோ பழக்கத்திலோ பாதிப்பு இருப்பதாகவும் குறித்திருந்தால் எல்லை தாண்டியாயிற்று. ஐந்து வரிகள் என்றால் தாண்டவில்லை. அந்த ஆறாவது டிக் எப்படி விழுந்தது என்று இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

மதிய இடைவேளை முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் பெரும்பாலும் அதை நிரப்புவேன். ஸ்டாஃப் ரூம் மேஜையில் திருத்தாத நோட்டுகள் அடுக்கி இருக்கும், பக்கத்தில் யாரோ டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருப்பார், அறை முழுக்கப் புளிச்சாத வாசனை. நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் என்று காலையில் கேட்டிலேயே அம்மா கவரைத் தந்திருப்பார். முதல் நான்கைந்து வரிகளுக்கு நன்றாகவே யோசிக்கிறேன். பொருட்களைத் தொலைக்கிறானா? போன வாரம் ரப்பர், நேற்று டிபன் பையின் மூடி. இரண்டாம் வகுப்பில் ரப்பரைத் தொலைக்காத பிள்ளை எது? அடிக்கடி என்றால் வாரத்துக்கு இரண்டு முறையா, ஒரு நாளைக்கு ஐந்து முறையா? யாரோடு ஒப்பிட்டு அடிக்கடி? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், வாயே திறக்காத பெண்ணோடா, போன வருடம் வகுப்பையே தலைகீழாக்கிய அந்த மூன்று பேரோடா? பத்தாவது வரிக்கு மேல் கை தன்போக்கில் போகத் தொடங்கிவிடும். மேலே மூன்று டிக் நேர்கீழாக விழுந்திருந்தால் நான்காவதும் அதே கட்டத்தில் விழப் பார்க்கும். அன்று காலை அவன் படிக்கட்டில் ஒரு குழந்தையைத் தள்ளிவிட்டிருந்தால், தள்ளுவதற்குச் சம்பந்தமே இல்லாத வரியிலும் அந்தக் கோபம் வந்து சேர்ந்துகொள்ளும். இது ஆசிரியர்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் ஆராய்ந்து, ஒரு குணத்தைப் பற்றிய எண்ணம் மற்ற எல்லாக் குணங்களின் மேலும் படிந்துவிடுகிறது என்று எழுதினார். இதே விஷயத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பார்த்தவர் ஹோவர்ட் அபிகாஃப். அவரும் உடன் இருந்தவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை நடித்த வீடியோக்களை ஆசிரியர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். எதிர்த்துப் பேசி அடம்பிடிக்கும் பிள்ளையாக நடித்தபோது, துறுதுறுப்பு வரிகளிலும் மதிப்பெண் ஏறியது. வெறுமனே துறுதுறுவென்று நடித்தபோது அடங்காப்பிடாரி என்ற மதிப்பெண் அதுபோல ஏறவில்லை. எதிர்த்துப் பேசுகிற குழந்தை, தன்னிடம் இல்லாத ஒரு நோயின் மதிப்பெண்ணையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது.

கானர்ஸ் படிவம் பிறந்த கதையைத் தெரிந்துகொண்ட பிறகு என் குழப்பம் கொஞ்சம் தெளிவாகி, பிறகு இன்னும் கூடியது. கீத் கானர்ஸ் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லியோன் ஐசன்பர்க்கோடு சேர்ந்து, ஊக்க மருந்துகள் பிள்ளைகளிடம் என்ன மாற்றத்தை உண்டாக்குகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வேலைக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. 1969இல் அச்சில் வந்த அவருடைய ஆசிரியர் படிவத்தில் 39 வரிகள். குழந்தைகளிடம் நடத்தும் மருந்து ஆய்வுகளில் பயன்படுத்துவதற்கான ஆசிரியர் படிவம் என்றுதான் கட்டுரைக்கே தலைப்பு. மருந்துக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. அதே ஆசிரியர், அதே பிள்ளை. ஆசிரியர் கறாரானவராக இருந்தால் இரண்டு முறையும் கறாராகத்தான் போடுவார். இளகிய மனசுக்காரர் இரண்டு முறையும் இளகியே போடுவார். கழித்துப் பார்த்தால் அவருடைய சுபாவம் அடிபட்டுப்போய் மாற்றம் மட்டும் மிஞ்சும். இந்தப் பிள்ளைக்கு நோய் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை, ஒரே ஓர் ஆசிரியரிடம் கேட்கும்போது கழிப்பதற்கு எதுவும் இல்லை. கறாரும் இளக்கமும் அப்படியே பிள்ளையின் கணக்கில் ஏறிவிடுகின்றன. அந்த இரண்டு முறைக் கணக்கிலும் ஒரு விநோதம் இருந்தது: மருந்தே கொடுக்காவிட்டாலும் இரண்டாம் முறை மதிப்பெண் இறங்குவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதனால் ஆய்வைத் தொடங்கும் முன்பே இரண்டு முறை நிரப்பச் சொல்லி, முதலாவதைத் தள்ளிவைக்கும் பழக்கம் வந்தது. கிளினிக்கில் அந்த முதலாவதை வைத்துத்தான் முடிவு சொல்கிறார்கள். கானர்ஸ் 2017இல் இறந்தார். இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2013இல், தன் நாட்டில் இந்த நோய் இருப்பதாகச் சொல்லப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைத் தேசியப் பேரழிவு என்றே சொன்னார். வாழ்நாள் முழுவதும் அந்தப் படிவங்களோடு இருந்த ஒருவர் அப்படிச் சொன்னது சாதாரண விஷயம் இல்லை.

அம்மா நிரப்பிய படிவமும் நான் நிரப்பியதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. முன்பெல்லாம் இதை ஒரு மனத்தாங்கலாக எடுத்துக்கொள்வோம், இரு பக்கமும். வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறான், ஸ்கூலில்தான் ஏதோ சரியில்லை என்று அவர்கள் நினைப்பார்கள். பிள்ளையின் குறையைப் பெற்றவர்கள் மறைக்கிறார்கள் என்று நாங்கள் நினைப்போம். வெர்மான்டைச் சேர்ந்த தாமஸ் ஆகன்பாக் 1987இல், குழந்தைகளின் நடத்தையையும் மனச்சிக்கல்களையும் பற்றிய 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். அம்மாவும் அப்பாவும் போல ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்க்கிறவர்கள் போடும் மதிப்பெண்களுக்கு நடுவே ஒட்டுறவு 0.60. பெற்றோரும் ஆசிரியரும் போல வேறுவேறு இடங்களில் பிள்ளையைப் பார்க்கிறவர்களுக்கு நடுவே 0.28. ஒன்று என்றால் முழுப் பொருத்தம், பூஜ்யம் என்றால் எந்தச் சம்பந்தமும் இல்லை. துறுதுறுப்பு போல வெளியே தெரிகிறவற்றில் பொருத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 2015இல் இன்னும் பெரிய தொகுப்பாக, 341 ஆய்வுகளை வைத்துப் பார்த்தபோதும் அதே 0.28 வந்தது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளில் படிவங்கள் எவ்வளவோ திருத்தப்பட்டன, இந்த எண் அசையவில்லை. இதைக் கருவியின் பிழை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி நான் சொல்லும் மூன்று கட்டளைகளை நினைவில் வைத்துக்கொள்ள முடியாத பையன், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லும்போது சட்டென்று செய்துவிடுகிறான். அம்மா பார்த்ததும் உண்மை, நான் பார்த்ததும் உண்மை. இரண்டு இடங்களிலாவது அறிகுறி தெரிய வேண்டும் என்று கையேடு கேட்பது இதனால்தான். ஆனால் இரண்டு படிவங்களை எப்படிச் சேர்ப்பது என்பதில் ஆளுக்கொரு வழி. இருவரில் யார் சொன்ன அறிகுறியையும் எண்ணிக்கொள்ளலாம் என்றால் எண்ணிக்கை ஏறும். இருவரும் சொன்னதை மட்டும்தான் எண்ண வேண்டும் என்றால் இறங்கும். நடுவில் அந்தப் பிள்ளை மாறவே இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாதது பிறந்த தேதி விவகாரம்தான். பிள்ளையின் வயதுக்கு எது பொருத்தமோ அதை மனதில் வைத்து மதிப்பெண் போடுங்கள் என்று வாண்டர்பில்ட் படிவத்தின் தலையிலேயே எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்த வயது என் முன்னால் உட்கார்ந்திருக்கும் வகுப்புதான். அதில், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது சேர்க்கைக்கான கெடு தேதிக்கு முதல் நாள்தான் ஐந்து வயது முடிந்திருந்தவனும் இருக்கிறான், அப்போதே ஏறக்குறைய ஆறு முடியப்போயிருந்தவனும் இருக்கிறான். தமிழ்நாட்டில் ஜூலை 31 கணக்கு. அந்த வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்ந்த நாளில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வருகிறது. அமெரிக்காவில் டாட் எல்டர் என்ற பொருளாதார அறிஞர் 2010இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்: கெடுவுக்கு முந்தைய மாதத்தில் பிறந்து வகுப்பிலேயே சிறியவர்களாக இருந்தவர்களில் 8.4 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டி என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் பிறந்து, ஒரு வருடம் கழித்துச் சேர்ந்து, வகுப்பிலேயே பெரியவர்களாக ஆனவர்களில் 5.1 சதவீதம். பெற்றோர் போட்ட மதிப்பெண்ணைவிட ஆசிரியர் போட்டதில்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. 2018இல் வந்த இன்னோர் ஆய்வு செப்டம்பர் 1 கெடு உள்ள மாநிலங்களைப் பார்த்தது. ஏடிஹெச்டி என்று சொல்லப்பட்டவர்கள், ஆகஸ்டில் பிறந்தவர்களில் 10,000 பேருக்கு 85.1 பேர், செப்டம்பரில் பிறந்தவர்களில் 63.6 பேர். அந்தக் கெடு இல்லாத மாநிலங்களில் இந்த இரு மாதங்களுக்கு நடுவே அப்படி ஓர் இடைவெளி இல்லை. மூளையின் நோய் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு வராது. வகுப்பில் சின்னவனாக இருப்பதை நாங்கள் நோய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாண்டர்பில்ட் ஆறு வயதுப் பிள்ளைக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதே ஆறு வரி எல்லையை வைத்திருப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. நம் ஊரில் இன்னொரு சிக்கல். முன்பு பள்ளியில் சேர்க்கும்போது வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது, பதிவேட்டில் ஜூன் மாதத்தில் ஒரு தேதி. அப்படிச் சேர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களில் எத்தனை பேர் வகுப்பிலேயே சிறியவர்களாக இருந்து, அடி வாங்கி, மக்கு என்று பெயர் எடுத்துப் படிப்பை விட்டார்களோ. இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. படிவத்தை நிரப்பும்போது அதை எடுத்துப் பார்க்கிற வழக்கம்தான் இல்லை.

எண்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல படிவங்கள் என்று பெயர் எடுத்தவையும், நோய் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கையும், இல்லாதவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கையும்தான் சரியாகச் சொல்கின்றன; சில கொஞ்சம் மேலே. தாராளமாக 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உலக அளவில் சொல்லப்படும் கணக்கு சுமார் 5 சதவீதம். ஆயிரம் பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியில் எல்லோருக்கும் படிவம் நிரப்பினால், நோய் உள்ள 50 பேரில் 40 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாத 950 பேரில் 190 பேரையும் பிடித்துவிடும். வலையில் விழுந்த 230 பேரில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பேருக்கு அந்த நோய் இல்லை. இது கணக்குப் பாடம், கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. 2013இல் வந்த ஒரு கோயம்புத்தூர் ஆய்வு, நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயதுவரை உள்ள 770 பிள்ளைகளைப் பார்த்து 11.32 சதவீதம் என்று சொன்னது. அதில் பயன்பட்டதும் கானர்ஸ் படிவம்தான். உலகக் கணக்கைப் போல இரண்டு மடங்கு. நம் பிள்ளைகளுக்கு நோய் அதிகம் என்று அதற்குப் பொருள் சொல்வதற்கு முன்னால், டிக் போட்டவர்களின் வகுப்பில் எத்தனை பேர், அந்த ஆசிரியர் எதை அமைதி என்று நினைக்கிறார் என்று நான் கேட்பேன். 1992இல் சீனா, இந்தோனேசியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் மனநல வல்லுநர்களிடம், எட்டு வயதுச் சிறுவர்கள் நான்கு பேரின் வீடியோவைக் காட்டினார்கள். சீன, இந்தோனேசிய வல்லுநர்கள் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் போட்டார்கள். பார்த்தது ஒரே பையன்களை. படித்த வல்லுநர்களுக்கே இப்படி என்றால், அமெரிக்க வகுப்பறைக்கு எழுதிய வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கைகட்டி, வாய்பொத்தி உட்காருவதை ஒழுக்கம் என்று கற்ற நாங்கள் என்ன போடுவோம்?

இதையெல்லாம் படித்துவிட்டு ஏடிஹெச்டி என்பதே கட்டுக்கதை என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரும் அநியாயம். அந்தப் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். தேதியையும் தலைப்பையும் முத்து முத்தாக எழுதுவாள், அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவாள், அதற்குக் கீழே பக்கம் முழுக்கக் காலி. பெல் அடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பாள். யாரையும் தொந்தரவு செய்யாததால் அவளுக்காக ஒருவரும் படிவம் கொண்டுவரவில்லை. நானாகப் போய்ச் சொன்னபோது, "பொம்பளப் புள்ளதானே மிஸ், கொஞ்சம் மந்தம், சரியாயிடும்" என்றார் அவள் அப்பா. படிவம் தேவைக்கு மேல் பிடிக்கிறது என்பதைப் போலவே, கத்தாத பிள்ளைகளை விட்டுவிடுகிறது என்பதும் உண்மை. சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டு, மருந்தும் பயிற்சியும் கிடைத்து, முதல் முறையாக ஒரு கணக்கை முழுதாகப் போட்டு முடித்த பையனின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்; அந்த மருந்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. படிவத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு எந்திரத்தை நம்பலாமா என்றால் அதுவும் கை கொடுக்கவில்லை. மூளை அலைகளை அளந்து உதவும் ஒரு கருவிக்கு அமெரிக்க அரசு 2013இல் அனுமதி கொடுத்தது. வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று 2016இல் அந்நாட்டு நரம்பியல் மருத்துவர் அமைப்பே சொல்லிவிட்டது. கணினித் திரையில் எழுத்து வரும்போது பொத்தானை அழுத்தும் சோதனை இருக்கிறது. அமைதியான அறையில், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க, புதிதாக ஒரு திரை கிடைத்தால், வகுப்பில் ஒரு நிமிடம் உட்காராத பிள்ளையும் அதில் தேறிவிடுவது உண்டு. கடைசியில் நம் கையில் இருப்பது, அந்தப் பிள்ளையோடு நாள் முழுக்க இருப்பவர்கள் சொல்லும் சொல்தான்.

அதைச் சொல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவரிடம் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்: எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், வெளிச்சம் இருந்ததா, அவர்மேல் உங்களுக்கு ஏதாவது கோபம் உண்டா? படிவத்தில் என் சாட்சியம் 0, 1, 2, 3 என்று ஆனதும் அந்தக் கேள்விகளெல்லாம் நின்றுவிடுகின்றன. வாண்டர்பில்ட் ஆசிரியர் படிவத்தின் மேலே, இந்தப் பிள்ளையை எத்தனை வாரமாகப் பார்க்கிறீர்கள் என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். படிவத்தை உண்டாக்கியவர்களுக்குச் சாட்சியின் நிலை தெரிந்திருக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்கிறவர்கள்தான் அந்த இடத்தைத் தாண்டி நேராகக் கட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். ஜேம்ஸ் ஸ்வான்சன் உண்டாக்கிய ஸ்வான் படிவம் எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. குறையை மட்டும் கேட்காமல், இதே வயதுப் பிள்ளைகளைவிட இவன் நன்றாகக் கவனிக்கிறானா, மோசமா, எவ்வளவு என்று ஏழு படிகளில் கேட்கிறது. குறையை மட்டும் தேடி வந்த கண்ணை அது ஒரு நொடியாவது நிறுத்தி, மற்றப் பிள்ளைகளையும் பார்க்க வைக்கிறது. அதுவும் ஒருவர் சொல்லும் சொல்தான், ஆனால் யோசித்துச் சொல்ல இடம் தருகிற கேள்வி.

பெற்றோர்களே, யார் யார் படிவம் நிரப்பினார்கள், அவை ஒத்துப்போகாவிட்டால் டாக்டர் என்ன செய்தார், பிள்ளையின் காதையும் கண்ணையும் பார்த்தார்களா, இரவில் குறட்டைவிட்டு அரைகுறையாகத் தூங்குகிறானா என்று கேட்டார்களா என்பதையெல்லாம் விசாரித்துவிட்டு மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். ஆசிரியர்களே, கட்டங்களுக்கு வெளியே ஓரத்தில் எழுதுங்கள்: பிறந்த தேதி, வகுப்பில் எத்தனை பேர், எந்தப் பீரியடில் தடுமாறுகிறான், எதில் மணிக்கணக்காக மூழ்கிவிடுகிறான். மருத்துவர்களே, உங்கள் அறைக்கு வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் நிரப்பியவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். என் கைபேசி எண்ணைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதித்தான் தருகிறேன். பள்ளி நான்கு மணிக்கு விடும். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.